தலைமைப் பயிற்றுநர் தேர்வு: பேராக் காற்பந்து கற்பிக்கும் பாடம்

2018 அக்டோபர் 27 அன்று ஷா ஆலாம் அரங்கில் பேராக் குழு மலேசியக் கிண்ணத்தை வென்றது. திரெங்கானுவுடனான இறுதியாட்டம் 3–3 என்று சமநிலையில் நின்று, பெனால்டியில் பேராக் 4–1 என வென்றது. மூன்றே ஆண்டுகளில், 2021 பருவத்தின் முடிவில், அதே குழு சூப்பர் லீக்கிலிருந்து வெளியேறி இரண்டாம் நிலைக்கு இறங்கியது. அதன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. 2025–26 பருவத்துக்கான சூப்பர் லீக் பட்டியலில் பேராக்கின் பெயரே இல்லை. 1921-இல் தொடங்கிய சங்கம், எட்டு முறை மலேசியக் கிண்ணம் வென்ற மாநிலம், நாட்டின் முதல்நிலைப் போட்டியில் இல்லாமல் போனது.

இந்த வீழ்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பேராக்கின் தலைநகர் ஈப்போவின் உணவுக் கடைகளில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பயிற்றுநர் யார்?" தோல்வி வந்தால் அவரை மாற்று, வெற்றி வந்தால் அவரைத் தூக்கிக் கொண்டாடு. தொழில்முறை விளையாட்டு எங்கே நடந்தாலும், ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் முதல் ஐரோப்பியக் காற்பந்து வரை, இதே மனநிலையைப் பார்க்கலாம். ஆனால் பேராக்கின் கதையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வேறோர் உண்மை புலப்படும். 2018-இல் கிண்ணம் வென்று தந்த பயிற்றுநர் 2020 பருவம் முடியும்வரை பொறுப்பில் இருந்தார். அவர் திறமை குறையவில்லை. அவரைச் சுற்றியிருந்த கழகம்தான் கரைந்துபோனது.

தலைமைப் பயிற்றுநரைத் தேர்வது என்பது ஒரு மனிதரைத் தேர்வது மட்டுமல்ல. அந்த மனிதர் வேலை செய்யக்கூடிய கழகமாக இருக்க நாம் உறுதி எடுக்கிறோமா என்பதையும் தேர்வதுதான். அந்த இரண்டாம் தேர்வைச் செய்யாத கழகத்துக்கு எந்தப் பயிற்றுநரும் நிரந்தரமாக உதவ முடியாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பேராக் தேர்ந்தெடுத்த இருவர்

பேராக் வரலாற்றில் இரண்டு அயல்நாட்டுப் பயிற்றுநர்களின் நியமனம் ஆராயத் தக்கது.

முதலாமவர் ஜெர்மானியரான கார்ல்-ஹைன்ஸ் வைகாங். மலேசியாவுக்குப் புதியவர் அல்லர். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற தேசியக் குழுவின் பயிற்றுநர் அவரே. மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2–1 என வென்று பெற்ற அந்தத் தகுதி, சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததை எதிர்த்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் பயனற்றுப் போனது. 2016 தொடக்கத்தில் வெளியான 'ஓலா போலா' திரைப்படம் அந்தக் குழுவின் கதையைத் தழுவியதுதான். அதில் வரும் கோல் காவலர் முத்துவைப் பார்த்த பலருக்கும் மறைந்த ஆர். ஆறுமுகம் நினைவுக்கு வந்திருப்பார்.

வைகாங் 1990-களின் பிற்பகுதியில் பேராக் பொறுப்பை ஏற்றார். 1998-இல் பேராக் மலேசியக் கிண்ணத்தை வென்றது. அதற்கு முந்தைய மலேசியக் கிண்ண வெற்றி 1970-இல். இடையில் ஓடிய 28 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே கிண்ணத்தைக் காணாமல் வளர்ந்திருந்தது. ஆகவே அந்த வெற்றி வெறும் விளையாட்டுச் செய்தியாக இல்லாமல் மாநிலத்தின் பெருமிதமாக மாறியது. அதே வைகாங்கை 2016 பருவத்துக்குப் பேராக் மீண்டும் அழைத்தது. அப்போது அவருக்கு வயது எண்பது. அந்த முயற்சி அந்தப் பருவத்தைத் தாண்டவில்லை. 2017-இல் அவர் காலமானார்.

வைகாங்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மலேசியக் காற்பந்துக்கு அவர் செய்தது பெரிது. கேள்வி, நியமித்தவர்களைப் பற்றியது. 1998-இல் வென்றவரை 2016-இல் மீண்டும் அழைக்கும்போது, தேர்வுக் குழு எதை மதிப்பிட்டது? இன்றைய ஆட்ட வேகத்துக்கு ஏற்ற திட்டத்தையா, இல்லை மக்களின் நெஞ்சில் இருந்த நினைவையா? ஈர்ப்பான ஒரு பெயர் ரசிகர்களை ஆறு மாதத்துக்கு அமைதிப்படுத்தும். அணியை அமைக்க அது போதாது.

இரண்டாமவர் ஆஸ்திரேலியாவின் மெஹ்மெத் துராகோவிச். அந்நாட்டுத் தேசியக் குழுவின் முன்னாள் தற்காப்பாளர். 1990-களின் நடுவில் சிலாங்கூருக்கு ஆடியவர். சிலாங்கூர் தொடர்ந்து மூன்று மலேசியக் கிண்ணங்களை வென்ற காலம் அது. ஆகவே இந்த நாட்டின் வெயில், மழையில் ஊறிய திடல், ரசிகர்களின் பொறுமையின்மை, ஊடகத்தின் இயல்பு எல்லாம் அவருக்குத் தெரியும். 2017-இல் பேராக்கைக் கையிலெடுத்தார். 2018-இல் லீக்கில் இரண்டாம் இடமும் மலேசியக் கிண்ணமும் கிடைத்தன. 2019 தொடக்கத்தில் ஆசிய வெற்றியாளர் லீக்கின் தகுதிச் சுற்றில் ஹாங்காங்கின் கிட்சியைப் பெனால்டியில் தாண்டி, தென் கொரியாவின் உல்சானிடம் தோற்றது. அதே ஆண்டு எஃப்ஏ கிண்ண இறுதியாட்டம் வரை சென்று கெடாவிடம் ஒரு கோலில் வீழ்ந்தது.

இந்த நியமனம் ஏன் பலித்தது? மூன்று காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, அவர் பெயரால் மட்டும் வரவில்லை. இந்த லீக்கை உள்ளிருந்து அறிந்தவர். இரண்டு, அவருக்கு முழுப் பருவங்கள் கிடைத்தன. மூன்று, பிரெண்டன் கான், ஷாரெல் ஃபிக்ரி, கென்னி பல்ராஜ், ஜே. பார்த்திபன் போன்ற ஆட்டக்காரர்களைக் கொண்ட குழுவை வைத்து வேலை செய்ய முடிந்தது.

மூன்றாம் காரணம் போனபோது எல்லாம் போனது. சம்பளப் பாக்கி பெருகியது. முக்கிய ஆட்டக்காரர்கள் வெளியேறினார்கள். பிரெண்டன் கானும் ஷாரெல் ஃபிக்ரியும் சிலாங்கூருக்குச் சென்றார்கள். கென்னி பல்ராஜ் கோலாலம்பூர் சிட்டிக்குச் சென்றார். அந்தக் கழகம் 2021-இல் ஜோகூரை வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை வென்றது. அதே 2021-இல் பேராக், சோங் யீ ஃபாட் பொறுப்பில் பருவத்தைத் தொடங்கி, பதினோராவது இடத்தில் முடிந்தது. எஞ்சிய ஆட்டக்காரர்களையும் இளையோரையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருக்க முடியும்? பிறகு கழகம் தனியார் உரிமைக்கு மாறியது. லிம் தியோங் கிம், யுஸ்ரி சே லா என்று பொறுப்பாளர்கள் வந்தார்கள். இறுதியில் உரிமையாளர் விலகியதும் 2025-இல் பயிற்றுநரைத் தேர்வதற்கே கழகம் இல்லாத நிலை வந்தது.

இந்த இடைவெளியில் மாநில ஆட்சியும் நிலைத்து நிற்கவில்லை. 2018 மே தேர்தலில் ஒரு மாற்றம், 2020 மார்ச்சில் ஒரு மாற்றம், 2020 டிசம்பரில் மந்திரி பெசார் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று இன்னொரு மாற்றம். மாநிலச் சங்கத்தின் தலைமையும் நிதியும் அரசியல்வாதிகளைச் சார்ந்திருக்கும் அமைப்பில், கோட்டையில் ஆள் மாறினால் ஆட்டக்காரரின் வங்கிக் கணக்கில் தெரிகிறது. அந்த அமைப்பில் பயிற்றுநருக்கு எந்த உறுதியும் இல்லை.

மாற்றினால் மாறுமா? ஆய்வுகளின் விடை

பயிற்றுநரை மாற்றுவதால் அணி முன்னேறுகிறதா என்ற கேள்வியைச் சமூகவியலாளர்களும் பொருளியலாளர்களும் அறுபது ஆண்டுகளாகத் துருவி வருகிறார்கள். 1963-இல் ஆஸ்கார் கிரஸ்கி அமெரிக்க பேஸ்பால் குழுக்களை ஆராய்ந்தார். மேலாளரை அடிக்கடி மாற்றிய குழுக்கள் மோசமாக ஆடியதைக் கண்டார். மறு ஆண்டே கேம்சன், ஸ்காட்ச் என்ற இருவர் மறுப்பெழுதினார்கள். குழு தோற்பதற்கு மேலாளர் பெரிய காரணம் அல்லர்; தோல்வியால் கொதிக்கும் மக்களை ஆற்றுவதற்காகச் செய்யப்படும் பலிதான் பதவி நீக்கம் என்பது அவர்கள் கருத்து. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கருத்து பழையதாகவில்லை.

அதற்குப் பின் வந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை. பாஸ் தெர் வேல், 1986 முதல் 2004 வரையான டச்சு முதல்நிலைக் காற்பந்தை எடுத்துக்கொண்டார். வான் அவர்ஸும் வான் டைலும் 2000-க்குப் பிந்தைய பதினான்கு பருவங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆய்வுகளும் ஒரே உத்தியைக் கையாண்டன. பயிற்றுநரை நீக்கிய குழுக்களை மட்டும் பார்க்காமல், அதே அளவு தொடர்தோல்வி கண்டும் பயிற்றுநரை வைத்துக்கொண்ட குழுக்களையும் அருகில் வைத்துப் பார்த்தன. நீக்கிய குழுக்கள் மீண்டன. நீக்காத குழுக்களும் ஏறக்குறைய அதே அளவு மீண்டன.

இதன் சூட்சுமம் எளிது. ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்ற குழு, பெரும்பாலும் தன் உண்மையான தரத்தைவிடக் கீழே விழுந்திருக்கும். வலுவான எதிரணிகளை அடுத்தடுத்துச் சந்தித்திருக்கலாம். இரண்டு பேருக்குக் காயம் பட்டிருக்கலாம். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிருக்கலாம். அடுத்த ஐந்து ஆட்டங்களில் அந்தக் குழு தன் வழக்கமான தரத்துக்குத் திரும்பும். அந்த இடைக்காலத்தில் புதியவர் வந்திருந்தால் புகழ் அவருக்குப் போகும். நிர்வாகமும் தன் முடிவு சரி என்று நம்பும். அடுத்த சரிவில் அதே முடிவை மீண்டும் எடுக்கும்.

அப்படியானால் பயிற்றுநர் எவராக இருந்தாலும் ஒன்றுதான் என்று பொருளா? இல்லை. நல்ல பயிற்றுநர் இளையோரை வளர்ப்பார். குழுவின் மதிப்பை உயர்த்துவார். பணக்காரக் கழகத்தோடு சிறிய கழகம் மோதும் வழியைக் கண்டுபிடிப்பார். ஆனால் அதற்குக் காலம் வேண்டும். பருவத்தின் நடுவே பதறி எடுக்கும் முடிவால் அந்தப் பலன் கிடைப்பது அரிது.

சைமன் கூப்பரும் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் ஆங்கிலக் காற்பந்தை ஆராய்ந்து 2009-இல் எழுதிய நூலின் முக்கிய முடிவு ஒன்று இங்கே பொருந்தும். நீண்ட காலப் போக்கில் ஒரு கழகம் எந்த இடத்தில் நிற்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அது ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்த ஊதியம்தான். மலேசியாவில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். ஜோகூர் டாருல் தாசிம் 2014 முதல் ஆண்டு தவறாமல் லீக் பட்டத்தை வென்று வருகிறது. 2015-இல் ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணத்தையும் வென்றது. இத்தனைக்கும் அந்தக் கழகம் பயிற்றுநர்களைத் தயங்காமல் மாற்றியது. குரோஷியர், அர்ஜென்டினியர், மெக்சிகர், ஸ்பானியர் என்று வந்து போனார்கள். பட்டம் மட்டும் நகரவில்லை. அங்கே பயிற்றுநர் மாறினாலும் பயிற்சித் திடல், மருத்துவக் குழு, இளையோர் அணிகள், சம்பள நாள் எதுவும் மாறுவதில்லை. பேராக்கில் நேர் எதிர்: நல்ல பயிற்றுநர் இருந்தார், மற்றவை நிற்கவில்லை.

ரக்பி லீக்கிலிருந்து இரண்டு சான்றுகள்

பயிற்றுநர் தேர்வைப் பற்றி ஆஸ்திரேலிய ரக்பி லீக் அளவுக்கு வெளிப்படையாக விவாதிக்கும் விளையாட்டு குறைவு. அங்கிருந்து இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம்.

பிரிஸ்பேன் பிராங்கோஸ் கழகம் 1988-இல் தொடங்கியபோது அதன் முதல் பயிற்றுநர் வெய்ன் பென்னட். பல பட்டங்களை வென்று தந்தவர். 2018 டிசம்பரில் அவருக்கும் கழகத்துக்கும் பிணக்கு முற்றி, அவர் சவுத் சிட்னிக்குச் சென்றார். சவுத் சிட்னியின் அந்தோணி சீபோல்ட் நீண்ட கால ஒப்பந்தத்தோடு பிரிஸ்பேனுக்கு வந்தார். முந்தைய ஆண்டு சிறப்பாகச் செயல்பட்ட இளைஞர், புதிய சிந்தனை என்று எல்லோரும் வரவேற்றார்கள். 2020-இல் பிராங்கோஸ் தன் வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது. பருவம் முடியும் முன்பே சீபோல்ட் விலகினார். ஓர் ஆண்டு வெற்றியைப் பார்த்து நீண்ட ஒப்பந்தம் போடுவதன் விலை அது.

பென்ரித் கழகத்தின் கதை தலைகீழ். 2015-இல் ஐவன் கிளியரியை அக்கழகம் நீக்கியது. 2019-இல் அதே கழகம் அவரை மீண்டும் அழைத்தது. 2021 முதல் 2024 வரை தொடர்ச்சியாக நான்கு பட்டங்கள்! இடைப்பட்ட ஆண்டுகளில் பென்ரித் தன் வட்டார இளையோர் அமைப்பைப் பெரிதாக வளர்த்திருந்தது. அந்தப் பிள்ளைகள் பக்குவமடைந்த நேரத்தில் பக்குவமான பயிற்றுநரும் வந்து சேர்ந்தார். 2015-இல் தவறென்று ஒதுக்கப்பட்ட மனிதர் 2021-இல் சரியானவரானார். மனிதரோடு கழகமும் வளர்ந்திருந்தது என்பதே அதன் விளக்கம்.

வைகாங்கைப் பேராக் மீண்டும் அழைத்ததையும் கிளியரியைப் பென்ரித் மீண்டும் அழைத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையவரை அழைப்பது தவறல்ல. எதற்காக, எந்த அடித்தளத்தின் மேல் அழைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தோட்டத் திடல்கள் இழந்த பாதை

பேராக்கைப் பற்றி எழுதும் தமிழர் எவரும் தோட்டங்களைத் தாண்டிப் போக முடியாது. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று மாநிலமெங்கும் பரவிய தோட்டங்களில் எங்கள் மக்களின் மூன்று, நான்கு தலைமுறைகள் பால் வெட்டின. அந்தத் தோட்டங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் போலவே பெரும்பாலும் ஒரு திடலும் இருந்தது.

அந்தத் திடலின் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். விடியும் முன் பிரட்டு (வேலையாள் வருகைப் பதிவு). மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து முடிக்க நண்பகல் தாண்டிவிடும். வெயில் தாழ்ந்ததும் லயத்து வீடுகளிலிருந்து பையன்கள் இறங்குவார்கள். பாதிப் பேருக்குக் காலணி கிடையாது. பயிற்சி கொடுப்பவர் பெரும்பாலும் கிராணியாகவோ தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ முன்னாள் ஆட்டக்காரராகவோ இருப்பார். சம்பளம் கிடையாது. பயிற்சிக்கு வராத பையனைத் தேடி அவர் லயத்துக்கே போவார். அவன் அம்மாவிடம் காரணம் கேட்பார். மறுநாள் காலை பிரட்டில் அதே பையனின் தகப்பனை அவர் சந்தித்தாக வேண்டும். தோற்றால் தோட்டம் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். அவரை யாரும் விளம்பரம் செய்து தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அவருடைய வேலையை எல்லோரும் நாள்தோறும் கண்ணால் பார்த்தார்கள். ஒரு பயிற்றுநரை மதிப்பிட அதைவிடச் சிறந்த வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. திடலும் துரையுடையது, கிண்ணமும் துரை கொடுத்தது. பெண் பிள்ளைகளுக்கு அந்தத் திடலில் இடமே இல்லை. திறமைசாலிகள் பலர் தோட்டத்து எல்லையைத் தாண்டாமலே போனார்கள். ஆனாலும் அது ஒரு படிக்கட்டின் முதல் படி. தோட்டத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து மாநிலம் என்று ஏறினால் ஏறலாம். ரப்பர் விலை சரிந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புத் திட்டங்களாக ஆனபோது மக்கள் ஈப்போவின் புறநகர்களுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிதறினார்கள். திடல் போனது, அதோடு பயிற்றுநர் உருவாகும் முதல் படியும் போனது.

அந்தப் பழைய படிக்கட்டு இருந்த காலத்தில் மலேசியத் தமிழர் பயிற்றுநர்களாக எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதை நினைவுகூர்வது நல்லது. பேராக்குக்கு ஆடிய எம். கராத்து, 1990-இல் கெடாவுக்கு அதன் முதல் மலேசியக் கிண்ணத்தை வென்று தந்தார். இருபது ஆண்டுகள் கழித்து கிளந்தான் எழுச்சி பெற்றபோது, 2010-இல் அதன் முதல் மலேசியக் கிண்ணம் பி. சத்தியநாதன் பொறுப்பில் வந்தது. 2011-இல் சூப்பர் லீக் பட்டம் கராத்து பொறுப்பில் வந்தது. தமிழர் மிகக் குறைவாக வாழும் மாநிலம் கிளந்தான். அங்கே ரசிகர்கள் அந்த இருவரையும் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். இந்த நாட்டில் நல்ல தேர்வுக்கு எல்லை எது என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில். அதே காலத்தில் கே. ராஜகோபால், 2009 சீ விளையாட்டில் தங்கமும் 2010 டிசம்பரில் தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணமும் தேசியக் குழுக்களுக்கு வென்று தந்தார்; இந்தோனேசியாவை இரு ஆட்டங்களில் மொத்தம் 4–2 என வீழ்த்திய அந்த இறுதியை மலேசியர் எவரும் மறக்கவில்லை.

அதற்குப் பின் அந்த வரிசை நீளவில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் எழுந்த குழு, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக்குக்கு வந்தது. பி. மணியம் அதன் பயிற்றுநரானார். ஒரு கட்டத்தில் அயல்நாட்டு ஆட்டக்காரர் எவரும் இல்லாமல் முழுக்க உள்நாட்டினரை வைத்து முதல்நிலை லீக்கில் அந்தக் கழகம் தாக்குப்பிடித்தது பெரிய சாதனை. 2022 பருவத்துக்குப் பின் அதுவும் விலகிக்கொண்டது. ஒரு கழகம் மூடும்போது ஆட்டக்காரர்களின் வேலை மட்டும் போவதில்லை; துணைப் பயிற்றுநர், கோல் காவலர் பயிற்றுநர், இளையோர் பயிற்றுநர் என்று அடுத்த தலைமுறைப் பயிற்றுநர்கள் தொழில் கற்கும் இடமும் போகிறது.

இன்று சூப்பர் லீக் குழுவின் தலைமைப் பயிற்றுநருக்கு ஆசியக் கூட்டமைப்பின் புரோ உரிமம் வேண்டும். சி, பி, ஏ என்று படிப்படியாக ஏறித்தான் அதை அடைய முடியும். ஒவ்வொரு படிக்கும் கட்டணம் உண்டு, விடுப்பு எடுக்க வேண்டும், படிகளுக்கிடையே ஏதாவது ஒரு குழுவில் பயிற்சி கொடுத்த அனுபவம் வேண்டும். தரத்துக்கு இந்த விதி தேவைதான். அதை எதிர்க்க முடியாது. ஆனால் தொழிற்சாலையில் சுழல்முறை வேலை பார்த்துக்கொண்டே சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஒருவர் அந்தப் படிகளை ஏற யார் கை கொடுப்பது? தோட்டத்து முதல் படிக்குப் பதிலாக நாம் எதை வைத்தோம்?

தேர்வு எப்படி நடக்க வேண்டும்

பேராக்கில் தொழில்முறைக் காற்பந்து மீண்டும் எழும் நாளில் முதல் பெரிய முடிவு தலைமைப் பயிற்றுநர் தேர்வாகத்தான் இருக்கும். மேலே கண்டவற்றிலிருந்து சில வழிமுறைகளை முன்வைக்கலாம்.

பெயர்களைப் பேசும் முன் காகிதத்தில் எழுத வேண்டும். கழகம் எப்படிப்பட்ட ஆட்டம் ஆட விரும்புகிறது, மூன்று ஆண்டில் இளையோர் அணியிலிருந்து எத்தனை பேர் மூத்த குழுவுக்கு வர வேண்டும், ஊதியத்துக்கு எவ்வளவு பணம் உறுதியாக இருக்கிறது. இந்த மூன்றுக்கும் விடை எழுதாத நிர்வாகம் நேர்காணலுக்கு எவரையும் அழைக்கக் கூடாது. இந்தத் தாள் கழகத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். பயிற்றுநர் போனாலும் அது போகக் கூடாது.

தேர்வுக் குழுவில் நிதிப் பொறுப்பாளர், தொழில்நுட்ப இயக்குநர், முன்னாள் ஆட்டக்காரர், கழகத்தோடு தொடர்பில்லாத அனுபவமிக்க பயிற்றுநர் ஆகியோர் இருக்க வேண்டும். அரசியல் பதவியால் மட்டும் எவரும் அங்கே அமரக் கூடாது. யார் எந்தக் காரணத்துக்காக எவரைப் பரிந்துரைத்தார் என்பது பதிவாக வேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்துக் கற்க அந்தப் பதிவு இல்லாவிட்டால் வழியே இல்லை.

நேர்காணலில் பேச்சுத் திறன் ஏமாற்றும். ஆகவே வேலையைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். கழகத்தின் கடைசி மூன்று தோல்விகளின் காணொளியைக் கொடுத்து, எங்கே தவறு, அடுத்த வாரப் பயிற்சியை எப்படி அமைப்பீர் என்று கேட்கலாம். இளையோர் அணியை ஒரு மாலை அவரிடம் ஒப்படைத்து, தேர்வுக் குழு திடல் ஓரத்தில் நின்று பார்க்கலாம். பிழை செய்த பையனிடம் அவர் எப்படிப் பேசுகிறார், மலாய், தமிழ், சீனம், போர்த்துகீசியம் எல்லாம் ஒலிக்கும் உடைமாற்று அறையில் தன் கருத்தை எப்படிப் புரியவைக்கிறார் என்பது அந்த ஒரு மாலையிலேயே தெரிந்துவிடும். அவர் முன்பு வேலை பார்த்த கழகத்தின் தலைவரிடம் மட்டும் விசாரித்தால் போதாது. தசைச் சிகிச்சையாளரிடமும் சீருடை கவனித்தவரிடமும் விசாரிக்க வேண்டும்.

இறுதிப் பட்டியலில், உள்நாட்டு லீக்குகளிலோ இளையோர் அணிகளிலோ வளர்ந்த ஒருவராவது கட்டாயம் நேர்காணலுக்கு அழைக்கப்பட வேண்டும். அமெரிக்காவின் தேசிய ஃபுட்பால் லீக் (என்.எஃப்.எல்.) 2003 முதல் சிறுபான்மையின வேட்பாளர் ஒருவரையாவது நேர்கண்டே தலைமைப் பயிற்றுநரை நியமிக்க வேண்டும் என்று விதித்தது. ரூனி விதி என்று பெயர் பெற்ற அது எல்லாக் குறையையும் தீர்த்துவிடவில்லை. ஆனால் கதவே திறக்காத அறைகளில் நாற்காலி போட்டது. இங்கே நாம் கேட்பது சலுகை அல்ல. உரிமமும் உழைப்பும் உள்ளவர் எந்த இனத்தவராயினும் கேட்கப்பட வேண்டும் என்பதுதான்.

கழகமும் நேர்காணலுக்கு உட்பட வேண்டும். வேட்பாளரிடம் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். ஓராண்டுச் சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லாத கழகம் மூன்றாண்டு ஒப்பந்தம் தருவது நேர்மையல்ல. 2021 முதல் ஃபிஃபா, பயிற்றுநர்களின் வேலை ஒப்பந்தங்களுக்கென்றே தனி விதிகளை வகுத்துள்ளது. நாடு கடந்து வந்து வேலை பார்க்கும் பயிற்றுநருக்கு இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், முறைப்படி அறிவித்து ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையை அவை தருகின்றன. உள்நாட்டுப் பயிற்றுநருக்கும் அதே பாதுகாப்பைக் கழகம் தானாக முன்வந்து ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

பயிற்றுநரை எதை வைத்து மதிப்பிடுவது என்பதைப் பணியில் சேரும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். உருவாக்கிய வாய்ப்புகள், எதிரணிக்கு விட்டுக்கொடுத்த வாய்ப்புகள், காயங்களின் எண்ணிக்கை, இளையோருக்குக் கொடுத்த ஆட்ட நிமிடங்கள் என்று அளக்கக்கூடியவை பல உண்டு. இவை சீராக இருந்தும் ஐந்து ஆட்டம் தோற்றால் பொறுக்க வேண்டும். இவை சரிந்திருந்தால் ஐந்து ஆட்டம் வென்றிருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும். அவரோடு உரிமம் பெற்ற உள்நாட்டுத் துணைப் பயிற்றுநர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் வெறும் மொழிபெயர்ப்பாளராக இல்லாமல், அடுத்த தலைமைக்குப் பழகுபவராக இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இவை எல்லாம் நிர்வாகத்தின் கடமை என்று விலகி நிற்க ரசிகர்களாலும் முடியாது. மூன்று ஆட்டம் தோற்றதும் பயிற்றுநரை நீக்கச் சொல்லி அரங்கில் கூவிய நாமே, சம்பளம் வரவில்லை என்று ஆட்டக்காரர்கள் சொன்னபோது அவ்வளவு உரக்கக் கூவவில்லை. உண்மையில் கூவ வேண்டிய இடம் அதுதான்.

பேராக்கில் காற்பந்து மீண்டும் எழும்பும். இந்த மண்ணுக்கு அந்த வலு உண்டு. எழும்பும்போது, "பயிற்றுநர் யார்?" என்று கேட்கும் முன் "கழகத்தின் திட்டம் என்ன, பணம் எங்கே, தேர்ந்தது யார்?" என்று கேளுங்கள். உங்கள் ஊரில் மாலைதோறும் பிள்ளைகளுக்குச் சம்பளமின்றிப் பந்து சொல்லிக்கொடுப்பவர் ஒருவர் இருப்பார். அவருடைய சி உரிமப் பயிற்சிக் கட்டணத்தை ஊரார் சேர்ந்து கட்டுங்கள். கோயில் நிர்வாகமும் பெற்றோர் சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் மனம் வைத்தால் முடியாத காரியம் அல்ல. இன்று அந்த முதல் படியைக் கட்டினால்தான், பத்தாண்டு கழித்து ஈப்போவில் கூடும் தேர்வுக் குழுவின் மேசையில் நம் மண்ணில் வளர்ந்தவர்களின் விண்ணப்பங்களும் இருக்கும்.